அந்தோணியாருக்க சிப்பி

கடலுக்கு அடியில் ஓர் ஆள் குருசடி கட்டியிருக்கிறான், அதுவும் வெளிநாட்டுக் காசில் என்று எனக்குச் சொன்னவன் ஷிபு. மஸ்கட்டில் என் அறைக்கூட்டாளி. அவன் நேரில் பார்த்ததில்லை. வடசேரியில் மீன் விற்கும் அவன் மாமனார் சொன்னாராம். மாமனாரும் பார்த்ததில்லை. குளச்சலுக்குக் கிழக்கே ஏதோ ஒரு துறையாம். தண்ணீருக்குள் விளக்கு எரியுமாம். சிப்பிகள் சிலுவை வடிவத்தில் நிற்குமாம். அதில் கை வைத்த ஒருத்தனுக்கு மூன்று நாள் பேச்சே வரவில்லையாம். "சத்தியமாட்டு அண்ணே," என்றான், சப்பாத்தி மாவைப் பிசைந்தபடி. "ஒரு வெள்ளக்காரன் வந்து முங்கிப் பாத்துட்டு, முகம் வெளிறிப்போயி ஏறினானாம்."

தெருமுனையில் சிலுவை நட்டு எழுப்புகிற சிறு கோயிலைத்தான் எங்கள் மாவட்டத்தில் குருசடி என்போம். பேருந்து நிறுத்தத்தில் பார்த்திருக்கிறேன், ரப்பர் தோட்டத்து முக்கில் பார்த்திருக்கிறேன். கடலுக்குள் என்பது புதிது. எங்கள் வீடு குழித்துறைப் பக்கம். ஆறு தெரியும், ரப்பர் தெரியும், மலையாளமும் தமிழும் கலந்து படித்ததில் இரண்டிலும் திட்டத் தெரியும். கடல் மட்டும் விருந்தினர் வந்தால் கூட்டிப்போய்க் காட்டுகிற இடம். மே மாத விடுப்பில் வந்தபோது, செய்ய வேண்டிய வேலைகள் ஆயிரம் இருக்க, நான் அந்தத் துறையைத் தேடிக்கொண்டு போனேன்.

அது ஒரு புதன்கிழமை காலை. துறையில் விசாரித்ததும் கைகாட்டிவிட்ட மரியஜான் என்பவர் இடுப்பளவு அலையில் நின்று கடலிலிருந்து மாலைகளை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு வலைப்பை நிறைய இருந்தது. மல்லிகை, கேந்தி, கொழுந்து எல்லாம் அழுகிக் குழைந்த சரங்கள். மெழுகுதிரி ஒட்டிய பிளாஸ்டிக் தம்ளர்கள். கை ஒடிந்த ஒரு பொம்மைக் குழந்தை. கரையில் குந்தியிருந்து அவர் ஒவ்வொரு சரத்தையும் எடுத்து, நைலான் நூலின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, பூவைத் திரும்பக் கடலில் போட்டார். நூலைச் சிமெண்டுச் சாக்கில் போட்டார். "பூவு மக்கும்," என்றார், நான் கேட்காமலே. "நூலு மக்காது. அந்தோணியாருக்குப் பூவு போதும்லா, நூலு எதுக்கு?"

பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சார் எந்த ஊரு?"

சொன்னேன்.

"மேக்க உள்ள ஆளு. அப்பம் சிப்பி தின்னுவீரே?"

எங்கள் ஊரில் சிப்பி என்றால் கடற்பாறையில் கொத்துக்கொத்தாக ஒட்டி வளர்கிற கறுப்புச் சிப்பி. அவித்து, தேங்காயும் நல்லமிளகும் போட்டுப் பிரட்டினால் ஒரு பானைச் சோறு இறங்கும். நன்றாகத் தின்பேன் என்றேன்.

"நான் தொடமாட்டேன்," என்றார் மரியஜான். "சின்னதிலேருந்து ஒண்ணா வேல செய்யிற ஆளு. தின்னா நல்லாவா இருக்கும்?"

வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். எத்தனை என்று கேட்டால், "சர்ட்டிபிக்கேட்டில ஒண்ணு, கோயில் புத்தகத்தில ஒண்ணு, எது வேணும்?" என்பார். தோள் அகலம், கால் மெலிவு. சிப்பி எடுக்க முங்குகிறவர்களின் உடம்பு அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. முழங்கை வரை பாறை கீறிய வெள்ளைத் தழும்புகள். பேசுகிற விதம்தான் விசித்திரம். எதைக் கேட்டாலும் முதலில் ஆழமாக மூச்சை இழுப்பார். கொஞ்சம் நிறுத்துவார். பிறகு பதில் முழுவதும் ஒரே மூச்சில் வரும். மூச்சு தீர்ந்த இடத்தில் வாக்கியமும் தீர்ந்துவிடும், விஷயம் பாதியில் நின்றாலும். மீதியை அடுத்த மூச்சில்தான் கேட்க வேண்டும்.

முங்கி முங்கி வலது காது போய்விட்டது. இடது காதில் பாதி கேட்கும். அதனால் அவருடைய செல்போன் எப்போதும் சத்தமாகப் பேசும்படியே வைக்கப்பட்டிருக்கும். இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, செபமாலையோடு சேர்த்துக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார். மகள் பெபிஷா பெங்களூரிலிருந்து பேசினால் துறை முழுக்கக் கேட்கும். அவளுக்கு வந்த வரன்கள், தட்டிப்போன காரணங்கள் எல்லாம் வலை பின்னுகிறவர்களுக்கு மனப்பாடம்.

துறையில் அவருக்குப் பட்டப்பெயர் கிராண்டு. "ஓய் கிராண்டு, இன்னைக்கு அந்தோணியாரு என்ன தந்தாரு?" என்று ஒருவர் போகிற போக்கில் கேட்டார். "உனக்க கடன அடைக்கச் சொன்னாரு," என்று இவரும் நூலைக் கடித்தபடியே பதில் சொன்னார்.

இந்தப் பெயர் வந்தது மூன்று வருடங்களுக்கு முன்பு. நாகர்கோவிலில் ஒரு சிறு அறக்கட்டளை இருக்கிறது. ஊர்க்காரர்களே தங்கள் குளத்தையோ காட்டையோ கடலையோ பாதுகாத்து, அதிலிருந்தே பிழைப்பும் தேடிக்கொள்வதாக இருந்தால் சின்னதாக ஒரு நிதியுதவி, அவர்கள் பாஷையில் ‘கிராண்ட்’, தருவார்கள். அங்கே வேலை செய்யும் எலிசா என்ற பெண் துறைக்கு வந்து சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டாள். மரியஜான் போனது கூடத்தில் மின்விசிறி ஓடுகிறது என்பதற்காக. ஒருவர் என்ஜின் கேட்டார், ஒருவர் ஐஸ் பெட்டி கேட்டார். தெருவிளக்கு கேட்டவரும் உண்டு. இவர் எழுந்து, மூச்சை இழுத்து, "எங்களுக்குச் சும்மா இருக்கதுக்குத் தாருங்க," என்றார். மூச்சு அங்கேயே தீர்ந்துவிட்டது.

கூடம் சிரித்துத் தீர நேரம் ஆனது. மச்சினன் ஜேசுதாஸ், "சும்மா இருக்கதுக்குக் காசுன்னா எனக்கும் ஒண்ணு எழுதும்மா, எனக்கு அனுபவம் உண்டு," என்று சொன்னதை இன்றைக்கும் ஊர் திரும்பச் சொல்கிறது.

அடுத்த மூச்சில் மரியஜான் சொன்னதைச் சிரிப்பில் பலர் கேட்கவில்லை. எலிசா கேட்டாள். துறைக்கு வெளியே உள்ள பாறைகளில் சிப்பி தீர்ந்துவிட்டது. விரல்நகம் அளவுள்ள குஞ்சைக்கூட வழித்துச் சாக்கில் கட்டிச் சிப்பி வளர்ப்புக்காரர்களுக்கு விற்கிறார்கள். பழைய பாறை வழுக்கை ஆகிவிட்டது. பக்கத்தில் சிமெண்டுக் கிணற்று உறைகளை இறக்கிப் போட்டால் மழைக்காலம் முடிந்ததும் குஞ்சு வந்து ஒட்டும். ஆனால் இரண்டு வருடம் யாரும் கை வைக்கக் கூடாது. அதன் பிறகு பாதியை எடுத்துப் பாதியை விட்டால் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் எடுக்கலாம்.

"அந்த ரெண்டு வருசம் பெண்கள் என்ன செய்வாங்க?" என்று எலிசா கேட்டாள். சிப்பியை அவித்து, இறைச்சி எடுத்துச் சந்தைக்குக் கொண்டுபோவது பெண்கள்தான். மரியஜான் அப்போதுதான் அடுத்த மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ரீத்தா பின்வரிசையிலிருந்து எழுந்து, "அண்டி ஆபீசுக்குப் போவோம்," என்றாள்.

முந்திரிப்பருப்பு ஆலையைத்தான் எங்கள் பக்கம் அண்டி ஆபீஸ் என்கிறோம். சொன்னபடி போனார்கள். ரீத்தாவும் அவள் குழுவிலுள்ள பெண்களும் இரண்டு வருடம், விடிந்தும் விடியாமலும் வேனில் ஏறி, கொட்டை உடைத்துவிட்டு இருட்டும்போது திரும்பினார்கள். அண்டியின் எண்ணெய் தோலைத் தின்றுவிடும். ரீத்தாவின் விரல் நுனிகள் கறுத்து, ரேகை இல்லாமல் வழவழவென்று இருக்கின்றன. ரேஷன் கடை இயந்திரம் அவள் கைரேகையை ஏற்பதில்லை. "இந்தக் கைய வச்சு அவருக்க முதுகுல நாலு போடணும்னு எத்தன நாள் நெனச்சிருக்கேன் தெரியுமா," என்றாள் என்னிடம், கட்டன்சாயாவை நீட்டியபடி. "அடிச்சாலும் ரேகை விழாது. தப்பிச்சிருவேன்."

உறைகள் இறங்கின. குஞ்சும் வந்தது. "மழ பெஞ்சதுபோல ஒட்டியிருந்து சார். தொட்டா கை கிச்சுகிச்சு மூட்டும்." களவும் கூடவே வந்தது. அடையாளத்துக்குக் கட்டிய மிதவையை ஒருவன் அறுத்துக்கொண்டுபோனான். ஊர்க்கமிட்டி அபராதம் போட்டது, யாரும் கட்டவில்லை. அடுத்த துறைக்காரன் வந்து எடுத்தான் என்று இந்தத் துறைக்காரன் எடுத்தான். கடலுக்கு மதில் கட்ட முடியாதல்லவா.

அப்போதுதான் மரியஜானின் கண்ணில் ஒரு பழைய குருசு, சிமெண்டுச் சிலுவை, பட்டது. கரையிலிருந்த அந்தோணியார் குருசடியை ஒரு வருடம் கடல் தின்றுவிட, வளைகுடாப் பிள்ளைகள் பணம் போட்டுப் பளபளக்கும் ஓடு பதித்துப் புதிதாக ஒன்று கட்டினார்கள். பழைய சிமெண்டுக் குருசு வலைக்கூடத்தின் பின்னால் மணலில் கிடந்தது. ஒரு கை உடைந்து உள்ளே இருந்த கம்பி துருத்திக்கொண்டிருந்தது. நாய்கள் அதன் நிழலில் தூங்கும். மிச்சமிருந்த கடைசி உறையை இறக்குகிற அன்று மரியஜான் அதையும் வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுபோய், உறைகளின் நடுவில் நட்டக்குத்தலாக நிறுத்திவிட்டு வந்தார்.

"குப்பையில கெடக்கதுக்கு அங்கின நிக்கட்டும்னுதான் சார் கொண்டுபோட்டேன்," என்றார். மூச்சை இழுத்தார். "களவும் நிக்கும்லா."

யாரிடமும் அறிவிக்கவில்லை. ஜேசுதாசிடம் மட்டும், வெளியே சொல்லாதே என்று சொன்னார். "அவன்ட்ட ரகசியம்னு சொன்னா போதும். மைக்செட்டு வேண்டாம்."

அந்த வாரத்தோடு களவு நின்றது. இரண்டு வாரத்தில் வள்ளங்கள் அந்த இடம் வந்ததும் என்ஜினை அணைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு கடக்க ஆரம்பித்தன. அந்தோணியாருக்கு உகந்த நாள் செவ்வாய். செவ்வாய்தோறும் மாலையும் மெழுகுதிரியும் இறங்கின. புதன்தோறும் இவர் முங்கி அவற்றை அள்ளுகிறார், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் மூடி சிப்பி செத்துவிடும். என்ஜின் அணைக்கிறவர்களைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சிமெண்டு சார் அது. அதுக்க தல எது கால் எதுன்னு எனக்குத் தெரியும். நாய் மோண்ட குருசு. அதுக்குப் போயி என்ஜின அணைக்கானுவ."

ஷிபு சொன்னவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டேன். பேச்சு வராமல் போனது ஜேசுதாசின் மகன் விபினுக்கு. உண்மைதான், கடைவாய்ப்பல் பிடுங்கிய வாரம். வெள்ளைக்காரன், எலிசாவோடு வந்த பஞ்சாப் பையன். வெளிறியது வாந்தியால். வெளிநாட்டுக் காசு, நாகர்கோவில் வங்கி வழியாக வந்தது, அதற்கு மேல் இவருக்குத் தெரியாது. விளக்கு எப்படி வந்தது என்று மட்டும் அவருக்கே விளங்கவில்லை. சிப்பி சிலுவை வடிவத்தில் நிற்கிறதாமே என்று கேட்டதற்கு மூச்சை இழுத்தார். சாக்கைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் கட்டிலுக்கு அடியில் அதே மாதிரி இன்னும் சில சாக்குகள் இருந்தன. தம்ளர்களைப் பழைய சாமான்காரருக்குப் போடுவார். மற்றவற்றைப் போட மனம் வராது. வெள்ளிக் கண்மலர்கள், குழந்தை வளையல், பிளாஸ்டிக் வீடு, பிளாஸ்டிக் கார், தண்ணீர் புகாமல் லேமினேட் செய்த பாஸ்போர்ட் நகல்கள், விசா விண்ணப்பங்கள், பாஸ்போர்ட் அளவுப் படங்கள். வெள்ளைச் சட்டை போட்டு, காது தெரிய, சிரிக்காமல் பார்க்கும் இளைஞர்கள்.

"யாரோ வேண்டிப் போட்டது. குப்பையில எப்பிடிப் போட?" என்றார்.

"கட்டிலுக்கு அடியில போட்டா மட்டும் பலிச்சிருமா?" என்று அடுப்பங்கரையிலிருந்து ரீத்தா கேட்டாள்.

"ஏட்டி, இதில நாலுபேரு துபாய்க்குப் போயாச்சு தெரியுமா. போகாதவன் மாதாவுக்கு மாறிட்டான், அவ்வளவுதான்."

என் விசா புதுப்பிக்கும் தாள்கள் அந்த வாரம் மஸ்கட்டில் ஏதோ ஒரு மேசையில் கிடந்தன. நான் அந்தச் சாக்கை அதிகம் கிளறவில்லை.

இத்தனையும் சொன்ன மரியஜான், சொல்லாமல் ஒதுக்கிய ஒன்றை ரீத்தாதான் உடைத்தாள். இரண்டு வருடம் முடிந்துவிட்டது. சிப்பி உள்ளங்கை அளவுக்கு விளைந்து நிற்கிறது. எடுக்க ஆள் இல்லை, பெண்கள் இன்னும் அண்டி ஆபீசுக்குத்தான் போகிறார்கள்.

"அந்தோணியாருக்க சிப்பிய அவிச்சு வித்துத் தின்னச் சொல்லுதாரு இந்த மனுசன்," என்றாள். "எங்க குழுவில ஒருத்தியும் கை வைக்கமாட்டா. நானும் மாட்டேன். முங்குற ஆம்பிளைகளும் மாட்டாவ. களவாணிக்குப் பயம் காட்டணும்னு வச்சாரு. இப்பம் சொந்தக்காரிக்கே பயமாப் போச்சு."

மரியஜான் சாக்கின் வாயைக் கட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

உண்மையைச் சொல்லிப் பார்த்தாராம். கமிட்டியில் எழுந்து, நான்தான் கொண்டுபோட்டேன், களவுக்குப் பயந்து செய்தது, அதில் ஒன்றும் இல்லை என்றாராம். ஜேசுதாஸ் பதில் சொன்னான்: "நீ எடுத்துப்போட்டியா? அந்தோணியாரு உன்ன எடுத்துப்போட வச்சாரு."

ஜூன் பிறந்தால் கடல் கலங்கிவிடும். விளைந்து கனத்த சிப்பியைப் பேரலை பெயர்த்துக்கொண்டு போய்விடும். இந்தப் பருவத்தில் பெண்கள் சிப்பி எடுத்து விற்றுக் காட்டினால் அவிக்கிற கொட்டகை கட்ட அடுத்த உதவி வரும், இல்லையென்றால் இதோடு முடிகிறது என்று எலிசா சொல்லியிருக்கிறாள். அதைவிட, சும்மா இருந்தால் கிடைக்கும் என்று இவர் சொன்ன ஒற்றைச் சொல்லை நம்பித்தான் அந்தப் பெண்கள் கையைக் கறுக்க வைத்துக்கொண்டார்கள். அடுத்த முறை இவர் எதைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்?

மிச்சமிருந்தது பங்குச் சாமியார். அவர் வந்து, தீர்த்தம் தெளித்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மரியஜான் போய்க் கேட்டிருக்கிறார். அந்த உரையாடலை எனக்கு நடித்தே காட்டினார். சாமியாருக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற பழக்கம் உண்டாம், இவர் கண்ணாடி இல்லாமலே துடைத்தார்.

"‘மரியஜான், நான் வந்து தீர்த்தம் தெளிச்சா அது குருசடிதான்னு நானே ஒத்துக்கிட்டதா ஆயிரும். நாளைக்குக் கடலுக்குள்ள கொடி ஏத்தித் திருவிழா நடத்தணும்பீங்க. தெளிக்காம வெறுமனே எடுங்கன்னு சொன்னா, அதுக்கப்புறம் எவனுக்காவது காய்ச்சல் வந்தாலும் ஃபாதர் சொல்லித்தான எடுத்தோம்னு வருவீங்க. நான் ஆயர் இல்லத்தில கேட்டுட்டுச் சொல்றேன்.' அதோட செரி. அதுக்குப் பொறவு விளிச்சா எடுக்கமாட்டேங்காரு. எனக்க நம்பரப் பாத்தா அவருக்குப் பயம்."

"உமக்குப் பயமில்லையே, நீரே எடுத்துக் காட்டலாமே," என்றேன். முதல் ஆள் எடுத்து, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் மற்றவர்களுக்கும் தெம்பு வரும் என்பது என் கணக்கு.

அவர் மூச்சை இழுத்தார். "அதுக்குத்தான சார் சனிக்கிழமை நாள் குறிச்சிருக்கேன். வந்து பாரும்."

சனிக்கிழமை போனபோது பெண்கள் அண்டி ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு அலுமினியப் பானைகளோடு கரையில் உட்கார்ந்திருந்தார்கள். கல் கூட்டி விறகும் அடுக்கியாகிவிட்டது. சாமியார் வருவார் என்று மரியஜான் முந்தைய நாள் எல்லார் வீட்டிலும் சொல்லியிருக்கிறார். சாமியார் இல்லை.

"ஃபாதர் எங்க?" என்றாள் ரீத்தா.

"வருவாரு. நான் போயி முதல்ல ஒரு பை எடுத்துட்டு வாறேன். எனக்கு ஒண்ணும் ஆவலன்னா உங்களுக்கும் ஒண்ணும் ஆவாது."

"உனக்கு ஆனா?" என்றான் ஜேசுதாஸ், வள்ளத்தைத் தள்ளிக்கொண்டே.

"அப்பம் நீ வந்து முங்கு."

ஜேசுதாஸ் தள்ளுவதில் மட்டும் கவனமானான். ரீத்தா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு தண்ணீர் வரை வந்தாள். "வெறும் பையோட வந்தீங்கன்னா திங்கக்கிழமை வேன்ல உங்களுக்கும் ஒரு சீட்டு போட்டிருவேன். சொல்லிட்டேன்."

எனக்கு நீந்தத் தெரியாது. யாரோ தந்த மிதவைச் சட்டையின் வாரை நெஞ்சு வலிக்க இறுக்கிக்கொண்டு வள்ளத்தின் நடுவில் உட்கார்ந்தேன். "மக்கா, வெப்ராளப்படாம, பதறாம இரியும், கடலு உம்மள ஒண்ணும் கேக்கல," என்றார் மரியஜான். பயந்துபோனால் சார் மக்கா ஆகிவிடுவார் போலிருக்கிறது.

கரை சிறுத்தது. பெண்களின் சேலைகள் நிறப்புள்ளிகளாயின. கொஞ்ச தூரம் இருக்கும்போதே அவர் என்ஜினை அணைத்தார். வள்ளம் தன்பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போனது.

"இங்கேயா?" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் போணும்."

"பிறகு ஏன் அணைச்சீரு?"

"எண்ணெய் மிச்சம்," என்றார், என்னைப் பார்க்காமல்.

நங்கூரம் போட்டார். முங்குகிற கண்ணாடியில் துப்பித் தேய்த்துக் கழுவி மாட்டினார். உளியைக் கையிலும் வலைப்பையை இடுப்பிலும் கட்டிக்கொண்டு, எனக்குப் பதில் சொல்வதற்கு இழுப்பாரே, அதே மூச்சை இழுத்து, சத்தமில்லாமல் இறங்கினார். நான் என் மூச்சையும் பிடித்துப் பார்த்தேன். இரண்டு தடவை விட்டு வாங்கிய பிறகுதான் அவர் தலை தெரிந்தது. பை வெறுமையாக இருந்தது.

"கலங்கிக் கெடக்கு சார்."

நான் எட்டிப் பார்த்தேன். நங்கூரக் கயிறு கடைசி வரைக்கும், மணலில் பதிந்த இரும்பு வரைக்கும் தெரிந்தது.

இரண்டாம் தடவை நெடுநேரம் ஆனது. கீழே உறைகளின் கறுப்பு வட்டங்களுக்கு இடையில் அவர் உள்ளங்கால்கள் வெளுப்பாக அசைந்து, பிறகு அசையாமல் ஓரிடத்தில் நின்றன. யாரைக் கூப்பிடுவது, எந்த எண்ணுக்கு அடிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மேலே வந்தார். வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மிதந்தார். அன்றுதான் முதல் தடவையாக அவர் துண்டு துண்டாகப் பேசக் கேட்டேன்.

"குருசு தெரியல சார்."

"விழுந்துட்டுதா?"

"இல்ல. நிக்குது. முழுக்கச் சிப்பி. சிமெண்டுன்னு ஒரு விரலுக்கு எடம் இல்ல. துருத்திக்கிட்டு நின்ன கம்பி இருக்குல்லா, அதிலயும் வளந்து, உடஞ்ச கையும் நீளமாட்டு..." தண்ணீரைத் துப்பினார். "சிப்பியே குருசாட்டு நிக்குது."

"புதன்கிழமை பாத்திருப்பீரே."

"புதன்கிழம கையில உளி இல்ல."

"அதை விட்டுரும். உறையில ஒட்டினதை எடுத்தாப் போதுமே."

"அதுக்குத்தான் போனேன். ஒரு கொத்தில உளிய வச்சேன்."

"தட்டினீரா?"

அவர் உளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், யாரோ மாற்றிவைத்துவிட்டதுபோல. பிறகு அதை வள்ளத்துக்குள் போட்டுவிட்டு, விளிம்பில் கையூன்றி ஏறி உட்கார்ந்தார். தண்ணீர் வழிந்தது. கரையில் நிறப்புள்ளிகள் எழுந்து நின்றிருந்தன. அவற்றில் ஒன்று கையை நெற்றிக்கு வைத்திருப்பது தெரிந்தது. ரீத்தாவாக இருக்கலாம். ஒருத்தி அவசரப்பட்டு அடுப்பு மூட்டிவிட்டாள், புகை நேராக மேலே போனது.

மரியஜான் என் மடியிலிருந்த போனை வாங்கினார். முங்குவதற்கு முன் என்னிடம் தந்திருந்தார். பிளாஸ்டிக் உறைக்கு மேலாகவே பெருவிரலால் அமுக்கினார். அழைப்பு போனது. சாமியாரின் போனில் மணிக்குப் பதிலாக ஒரு பக்திப்பாட்டு வைத்திருக்கிறார்கள், வயலினும் கோரஸுமாக. பாட்டு முடிந்து, எடுக்கவில்லை என்று ஒரு பெண் குரல் முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் சொன்னது. மறுபடியும் அமுக்கினார். பாட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது.

"எடுப்பாரு," என்றேன்.

அவர் தலையில் கட்டியிருந்த ஈரத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு விளிம்பில் சாய்ந்து, கையை வெளியே நீட்டி, பாடிக்கொண்டிருந்த அந்தப் போனைத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, கீழே இருப்பவருக்குக் கேட்கும்படியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.